கைபடாதது

கடற்கரையில் இறங்கியதும் பூபதி முதலில் மணலைத்தான் உதைத்துப் பார்ப்பார். தெறிக்கிற மணல் ஒழுங்காகக் கீழே விழாமல் அந்தரத்தில் நின்றால் சாவியில் கோளாறு. பிறகு வானத்தை ஒரு பார்வை. பிறகு ஒரே அலை திரும்பத் திரும்ப வருகிறதா என்று கடலை ஒரு பார்வை. அதற்குள் படகுக்காரி முத்தழகு ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்துவிடுவாள்.

"வாங்க தலைவரே. படகு தயாரா இருக்கு. ஏழு தீவும் உங்களுக்காகத்தான் காத்துக் கெடக்கு."

"நல்லதுங்க. ஒருக்கா படகைப் பாத்துக்கட்டுங்களா?"

பார்த்தார். துடுப்பு தண்ணீரில் இறங்கியது. பாயை இழுத்தால் விரிந்தது. முத்தழகு இமைத்தாள், சிரித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். மூன்று நிமிடத்தில் இரண்டரை போயிருந்தது.

"எல்லாஞ் சரியா இருக்குதுங்க. அப்ப நான் வர்றேனுங்க."

"போயிட்டு வாங்க தலைவரே."

தலைவளையத்தைக் கழற்றினால் கோயமுத்தூர், சரவணம்பட்டி, பதினெட்டாவது மாடி. மேசையில் ஆறிப்போன காபி. பூபதி திரையில் அந்தச் சாவிக்குப் பக்கத்தில் 'கைபடாதது' என்ற முத்திரையைக் குத்தி, மறுகைச் சந்தையில் விற்பனைக்குப் போட்டார். அடுத்த சாவியை எடுத்தார். மறுபடியும் அதே கடற்கரை, வேறொரு முத்தழகு.

சாவி என்றால் விளையாட்டுச் சாவி. அப்போது எதை வாங்கினாலும் கூடவே ஒரு சாவி கொடுத்தார்கள். ஃபிரிட்ஜ் வாங்கினால் சாவி, காப்பீடு எடுத்தால் சாவி, பல் பிடுங்கப் போனால்கூட ரசீதோடு ஒரு சாவி. ஒவ்வொரு சாவிக்குள்ளும் அதற்கென்றே விதைத்த ஓர் உலகம் இருந்தது. ஒரு சாவிக்கு ஓர் உலகம், ஓர் உலகத்துக்கு ஒரு தலைவர். விதைத்த நாளிலிருந்து, யார் வந்தாலும் வராவிட்டாலும், உள்ளே பொழுது விடிந்து பொழுது அடைந்துகொண்டுதான் இருக்கும். அங்கே குடியிருப்பவர்களுக்கு உள்ளாள் என்று பெயர். வருகிறவரைப் பார்த்து, பேசி, பழகி, அவருக்கேற்ற மாதிரி வளர்கிறவர்கள்.

இவ்வளவு மெனக்கெட்டு விதைத்த உலகத்தை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்று கேட்கக் கூடாது. ஜனங்களுக்கு நேரம் ஏது? சாவி கிடைத்த கையோடு மறுகைச் சந்தைக்குத் தள்ளிவிட்டார்கள். தள்ளுபடியில் வருகிறதே என்று வேறொருவர் வாங்கிப் போட்டார். அவரும் திறக்கவில்லை. ஆறு மாதம் கழித்து அவரும் விற்றார். தீபாவளிக்கு வீடு வீடாகச் சுற்றிவிட்டுக் கடைசியில் வாங்கியவர் வீட்டுக்கே திரும்பி வரும் சோன்பப்டி டப்பா மாதிரி, பிரிக்காத சாவிகள் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தன.

அந்தச் சுற்றில் பூபதிக்கு ஓர் இடம் இருந்தது. 'ஏழு தீவு' விளையாட்டுச் சாவிகள் வேலை செய்கின்றனவா என்று பார்த்து முத்திரை குத்தி விற்பது. இதற்கு 'எட்டிப்பார்வை' என்று ஓர் ஏற்பாடு. சோதிப்பவர் மூன்று நிமிடம் உள்ளே போய் வரலாம். வெளியே வந்ததும் அந்த உலகம் அவரை அடியோடு மறந்துவிடும். சாவி புதுசு மாதிரியே இருக்கும். மற்ற வியாபாரிகள் இதற்கு ஒரு சோதனை இயந்திரத்தை வைத்துக்கொண்டார்கள். சிலர் உள்ளே தலையை நீட்டிவிட்டு, முத்தழகு "வாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் வளையத்தைக் கழற்றிவிடுவார்கள். பூபதியால் அது முடியாது. நாலு வார்த்தைக்கு ஐந்து 'ங்க' போடுகிற ஊர்க்காரர். ஒரு பெண்பிள்ளை ஓடி வந்து வாங்க என்கிறபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு வர அவருக்கு மனசு வராது. இரண்டு வார்த்தை பேசி, சொல்லிக்கொண்டுதான் வருவார். அதனால்தான் 'பூபதி முத்திரை' என்றால் சந்தையில் ஒரு மரியாதை.

பாவம், வேறு யாரிடம் சொல்லிக்கொண்டு கிளம்புவார்? மனைவி கோகிலவாணி வீட்டை விட்டுப் போய் ஆறு வருடம். பால் வாங்கக் கீழே இறங்கும்போதுகூட வாசலில் நின்று, உள்ளே பார்த்து, "வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். உள்ளே இருந்து பதில் வராது என்று தெரியும். சொல்லாமல் கிளம்பினால் செருப்பை மறந்துவிட்ட மாதிரி இருக்கும்.

கோகிலா போன அன்று சொன்னது வேறு வார்த்தை. பையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "போறேன்" என்றாள். அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை. மேட்டுப்பாளையத்தில் அக்கா வீட்டுக்குத்தான் போகிறாள் என்றாலும், இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் ஒரு நாளும் அந்த வார்த்தையைச் சொல்லாதவள். கேட்ட உடனே பூபதிக்குப் புரிந்துவிட்டது. அவள் திரும்பி வரவில்லை.

ஐப்பசி மாதம் ஒரு முற்பகலில் மறுகைச் சந்தையின் குறைதீர்ப்புப் பிரிவிலிருந்து ஷர்மிளா பானு என்கிற பெண் கூப்பிட்டாள்.

"பூபதி சார், உங்க முத்திரை போட்ட 'ஏழு தீவு' சாவி ஒண்ணு, ஏற்கெனவே ஆள் புழங்கினதுன்னு புகார் வந்திருக்கு."

"இருக்காதுங்களே அம்மிணி. என்ற கையால பாத்து அனுப்புனது."

"வாங்கினவரே லைன்ல இருக்கார். பேசுங்க."

வாங்கியவர் தூத்துக்குடிக்காரர், செல்வின் துரை. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சந்தை சரித்திரத்தில் அபூர்வமாக, வாங்கிய சாவியைத் திறந்து பார்த்தவர்.

"அண்ணாச்சி, ஒரு மாசமா கரையிலயே உக்காந்து கெடக்கேன். படகு கெளம்ப மாட்டேங்கு. அந்தப் பிள்ளை என்னன்னா, 'தலைவர் வாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காவ, அவுக வரட்டும்'னு ஒரே பல்லவியா பாடுதா. யாரு அந்தத் தலைவர்னு கேட்டா, கோயமுத்தூர் ஜாடையில பேசுவாவளாம், மணலை உதைப்பாவளாம். அது நீங்கதான?"

பூபதி காபியைக் கீழே வைத்தார். அந்தச் சாவியை அவர் விற்று மூன்று வருடம் ஆகியிருந்தது. இடையில் அது நாலு கை மாறியிருந்தது.

நடந்தது இதுதான் என்று ஷர்மிளா விளக்கினாள். உலகத்தை விதைக்கிற நிறுவனம் எல்லா மொழிக்கும் பொதுவாக ஒரு விதி வைத்திருந்தது. எட்டிப் பார்க்க வந்தவர் பேசாமல் போனால் மறந்துவிடு. போகிறேன் என்று சொல்லிப் போனாலும் மறந்துவிடு. ஆனால், வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தால் அவர்தான் தலைவர், காத்திரு. விதியை எழுதியவர்கள் எங்கேயோ தூர தேசத்தில் உட்கார்ந்து அகராதியைப் பார்த்து எழுதியவர்கள். போவது என்றால் போவது, வருவது என்றால் வருவது. கிளம்புகிற மனிதன் வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போகிற ஓர் ஊர் இருக்கும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? மற்ற வியாபாரிகள் வாயே திறக்காததால் இத்தனை நாள் இது வெளியில் வரவில்லை. வாய் திறந்தவர் பூபதி ஒருவர்தான்.

"அப்ப எத்தனை சாவியிலிங்க இப்படி?"

"நீங்க பாத்த எல்லாத்துலயும் சார். ரெண்டாயிரத்துச் சொச்சம். எல்லா முத்தழகும் உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கு."

சொன்னால் வெட்கக்கேடு. அதைக் கேட்டதும் பூபதிக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தோஷம். ஒரு மனுசனுக்காக இரண்டாயிரம் பேர். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பதினஞ்சு நாள் டைம் சார்," என்றாள் ஷர்மிளா. "நீங்க ஒவ்வொண்ணுக்குள்ளயும் போய், போறேன்னு சொல்லி விடுவிச்சுட்டு வரணும். அந்த உள்ளாள் ஒத்துக்கிட்டா போதும், மறந்துரும். இல்லேன்னா அத்தனை உலகத்தையும் களைஞ்சுட்டு, வாங்கினவங்களுக்கு வேற சாவி குடுத்துருவாங்க. உங்க முத்திரையும் போயிரும்."

"களையறதுன்னா?"

"அழிக்கிறது சார்."

முத்திரை போனால் பிழைப்பு போகும். அது ஒரு பக்கம். வருடக்கணக்காகக் கரையில் நிற்கிற அந்தப் பெண்களை, தான் ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொன்னதற்காகச் சாகக் கொடுப்பதா என்பது பெரிய பக்கம். ஒரே ஒரு வார்த்தைதானே, சொல்லிவிடலாம் என்று பூபதி தலைவளையத்தை எடுத்து மாட்டிக்கொண்டார்.

செல்வின் துரையின் சாவியில்தான் ஆரம்பித்தார். அவரும் விருந்தாளியாகக் கூட வந்தார். நேரில் கைலியும் மூக்குக்கண்ணாடியுமாகக் குட்டையாக இருந்தார்.

முத்தழகு தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். ஓடி வந்த வேகத்தில் ஒரு செருப்பு மணலில் கழன்று விழுந்தது.

"வந்துட்டீங்களா தலைவரே! நான் சொன்னேன்ல?" என்று செல்வினைப் பார்த்துச் சொன்னாள். "வர்றேன்னு சொன்னவங்க வராம இருப்பாங்களா?"

படகுக்கு மூன்று தரம் வண்ணம் அடித்திருந்தாள். கரையில் ஒரு முருங்கைக் கிளையை நட்டு, அது காய்க்கவும் ஆரம்பித்திருந்தது. அதையெல்லாம் காட்டினாள். செல்வின் பின்னால் நின்று கையைக் காட்டி அவசரப்படுத்தினார்.

"முத்தழகு, நான் போறேனுங்க," என்றார் பூபதி.

அவள் முகம் மாறிவிட்டது. "ஐயையோ, போறேன்னு சொல்லாதீங்க தலைவரே. போயிட்டு வர்றேன்னு சொல்லுங்க."

"சரிங்க, போயிட்டு வர்றேனுங்க," என்றார் பூபதி.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஐம்பத்து நாலு வருடப் பழக்கம் வாயைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டது. செல்வின் தலையில் அடித்துக்கொண்டார். "நாசமாப் போச்சு. மறுபடியும் வாரேன்னு சொல்லிட்டீரே!"

அடுத்த நாள் அடுத்த சாவி. அங்கேயும் அதேதான். பல்லைக் கடித்துக்கொண்டு 'போறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றார். அந்த முத்தழகு ஒத்துக்கொள்ளவே இல்லை. "கெளம்புற நேரத்துல அப்படியெல்லாம் வாயில வரக்கூடாது. உக்காருங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு, மறுபடி நல்லபடியா சொல்லிட்டுக் கெளம்புங்க," என்று செம்பை நீட்டினாள். இன்னொருத்தி எட்டி வந்து அவர் வாயையே பொத்தினாள். இன்னொருத்தி, "நான் எதுவும் தப்பாப் பேசிட்டனா?" என்று கேட்டு அழுதாள். எல்லோருக்கும் ஒரே முகம், ஒரே பெயர். ஆனால் ஒருத்தி பாடக் கற்றுக்கொண்டிருந்தாள், ஒருத்தி வலை பின்னிக்கொண்டிருந்தாள், ஒருத்தி பழைய பாயைக் கிழித்துப் பூபதிக்கென்று ஒரு தொப்பி தைத்து வைத்திருந்தாள். காத்திருந்த நாட்களை ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு விதமாகக் கழித்திருந்தார்கள். அந்த வார்த்தையை மட்டும் ஒருத்தியும் ஏற்றுக்கொள்ளவில்லை. தமிழ் பேசக் கற்றவர்கள் அல்லவா? எப்படி ஏற்பார்கள்?

நாலாவது நாள் மத்தியானம். எத்தனையாவது சாவி என்று அவருக்கே தெரியவில்லை. "போறேன்" என்றார். முத்தழகு, "போறேன்னு சொல்லாதீங்க, வர்றேன்னு சொல்லுங்க," என்றாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சொல்லிவிட்டு, அவர் திருத்திச் சொல்வதற்காக அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் பூபதிக்கு வாசல் ஞாபகம் வந்தது.

அன்று கோகிலா "போறேன்" என்று சொன்னபோது அவர் இதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். தலைவளையத்தை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையில் சாவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி" என்றார். திரும்பவில்லை. கோகிலா உடனே போகவில்லை. வாசலிலேயே நின்றாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்கூட இருக்கும். லிஃப்டுக்காக நிற்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆறு வருடமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

விதைத்து வைத்த ஒரு படகுக்காரிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்று அவர் கூசிப்போனார். போறேன்னு சொல்லாத, போயிட்டு வர்றேன்னு சொல்லு. இவ்வளவுதானே? பால்காரர், பக்கத்து வீட்டுக்காரர், முன்பின் தெரியாதவர்கூட வாய் தவறிப் போறேன் என்றால் பட்டென்று சொல்கிற பேச்சுதானே இது? கட்டினவளிடம் சொல்லவில்லையே.

வளையத்தைக் கழற்றி எறிந்துவிட்டு மேட்டுப்பாளையத்துக்குப் பேசினார். கோகிலாதான் எடுத்தாள். சௌக்கியம் விசாரித்தாள். சாப்பாடு எங்கே என்று கேட்டாள். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

"கோகி, நீ கெளம்புன அன்னைக்கு... வாசல்ல சித்த நேரம் நின்னியே. எதுக்கு நின்ன?"

குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது.

"லிஃப்டுக்குத்தாங்க நின்னேன். இப்ப எதுக்கு அது?"

"இல்ல, சும்மா."

"வெச்சுடட்டுங்களா?"

"சரி," என்றார் பூபதி.

போனை வைத்த பிறகுதான் அந்த வாரம் முழுக்க லிஃப்ட் ஓடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கோகிலா பையைத் தூக்கிக்கொண்டு பதினெட்டு மாடியும் நடந்துதான் இறங்கியிருக்க வேண்டும். பூபதி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வெகு நேரம் அழுதார்.

சாயங்காலம் ஷர்மிளாவிடம் சொன்னார். "அவங்க ஒத்துக்கவே மாட்டாங்கம்மிணி. எத்தனை தடவை சொன்னாலும் வர்றேன்னு சொல்லச் சொல்றாங்க."

"எங்களுக்கும் தெரியும் சார். பதிவுகளைப் பாத்தோம்," என்றாள். "நிறுவனத்துல ஒரு திருத்தம் போடலாம்னு சொல்றாங்க. தலைவர் கெளம்புறேன்னா உள்ளாள் மறுப்பு சொல்லாம ஒத்துக்கிற மாதிரி. ஆனா அதுல ஒரு சிக்கல். உள்ளாள்கள் நிஜ மனுஷங்க பேச்சைக் கேட்டுத்தான் கத்துக்கும். ஒருத்தர் போறேன்னு சொல்ல, இன்னொருத்தர் சாதாரணமா விட்டுட்ட மாதிரி ஒரு பதிவு தமிழ்ல தேடினா கெடைக்கவே மாட்டேங்குது. கோவத்துல போ போன்னு கத்துறது நெறைய இருக்கு. அதைக் கத்துக்குடுத்தா படகுக்காரி ராட்சசி ஆயிருவா. கோவம் இல்லாம, வருத்தம் இல்லாம, மனசுல எதுவுமே இல்லாம, சும்மா ஒத்துக்கணும்."

பூபதி வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"அது எனக்குத் தெரியுமுங்க," என்றார்.

மறுநாள் காலை பதிவு. இரண்டாயிரம் பேரைக் களையாமல் காப்பாற்ற அது ஒன்றுதான் வழி என்று மனசைத் தேற்றிக்கொண்டுதான் உட்கார்ந்தார். "நீங்க போறேன்னு சொல்லுங்கம்மிணி, நான் பதில் சொல்றேன்," என்றார். ஷர்மிளா தயங்கினாள். "வேண்டாம் சார். எனக்கு அந்த வார்த்தை வாயில வரலை," என்று சிரித்து மழுப்பினாள். அதற்கும் ஓர் இயந்திரக் குரலைத்தான் பிடித்துப் போட்டார்கள்.

இயந்திரக் குரல் "போறேன்" என்றது. பூபதி "சரி" என்றார். செல்லாது என்றார்கள், அதில் வருத்தம் இருக்கிறதாம். மறுபடி சொன்னார். அதில் குற்ற உணர்வு இருக்கிறதாம். ஐந்தாறு தரம் சொல்லிப் பார்த்தும் தேறவில்லை. கடைசியில் பூபதி தலைவளையத்தை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைத் தன் பக்கம் திருப்பினார். புதிதாக வந்த சாவிகளின் பட்டியலைத் திறந்தார். ஒரு சாவியின் எண் மங்கலாகத் தெரிந்தது. எட்டா மூன்றா என்று கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்நேரம் பார்த்துக் குரல் "போறேன்" என்றது.

"சரி," என்றார்.

"பிரமாதம் சார்!" என்றாள் ஷர்மிளா. "இதுதான். இதேதான்."

திருத்தம் அன்றே போடப்பட்டது. மத்தியானம் பூபதி முதல் சாவிக்குள் போனார். தொப்பி தைத்து வைத்திருந்தாளே, அந்த முத்தழகு. பாயை விரித்துத் தையல் போட்டுக்கொண்டிருந்தவள் அவரைப் பார்த்ததும் வழக்கம்போல மலர்ந்து, "வாங்க தலைவரே," என்றாள்.

"முத்தழகு, நான் போறேனுங்க."

"சரி," என்றாள் அவள்.

நிமிரவில்லை. கண்ணை இடுக்கி ஊசிக் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் குரல்தான். ஆனால் அந்த இழுப்பும், முடிவில் சட்டென்று விழுந்து போகிற அந்தச் சத்தமும் அவருடையவை. பூபதி தன்னையறியாமல் அங்கேயே நின்றார். ஏதாவது சொல்வாள் என்று நின்றார். மணலில் கால் புதைந்தது. அவள் நூலைக் கோத்து, முடிச்சுப் போட்டு, அடுத்த தையலுக்குப் போனாள். மூன்று நிமிடம் தீர்ந்ததும் உலகம் அவரை வெளியே தள்ளியது. திரையில் அந்தச் சாவிக்கு நேரே பச்சை விளக்கு எரிந்தது.

கோகிலா அன்று வாசலில் கேட்டது இந்தச் 'சரி'யைத்தான் என்று அவருக்கு இப்போது தெரிந்தது. அவள் ஒரு தரம்தான் கேட்டாள். அவர் இரண்டாயிரத்துச் சொச்சம் தரம் கேட்க வேண்டியிருந்தது.

சொல்லிவிட்டு உடனே வளையத்தைக் கழற்றியிருக்கலாம். வேலை சுருக்காக முடிந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு கரையிலும் அவர் நேரம் தீர்கிற வரைக்கும் நின்றார். இத்தனை பேரில் ஒருத்திக்காவது திருத்தம் சரியாகப் பிடிக்காமல் போயிருக்காதா என்ற நப்பாசை. முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டே ஒருத்தி சரி என்றாள். வலையைக் கோதிக்கொண்டே ஒருத்தி சரி என்றாள். தண்ணீர்ச் செம்பை நீட்டியவள் இப்போது அதைத் தானே குடித்துவிட்டு, சரி என்றாள். நிறுவனத்தார் வேலையில் ஒரு குறையும் இல்லை. ராத்தூக்கம், சோறு தண்ணி எல்லாம் குறைத்துக்கொண்டு பதினைந்தாவது நாள் காலையில் முடித்தார். கடைசிக்குச் செல்வின் துரையின் சாவியை வைத்திருந்தார்.

செல்வின் வேட்டி சட்டையோடு, சாமான் மூட்டையோடு தயாராக இருந்தார். முதன்முதலாகக் கடலில் போகிற சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. ஆயுள் முழுக்கத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கியவர், ஒரு தரம்கூடக் கப்பலில் போனதில்லை என்று முன்பே சொல்லியிருந்தார்.

"நான் போறேனுங்க, முத்தழகு."

"சரி," என்றாள் அவள், கயிற்றை அவிழ்த்துக்கொண்டே. அந்த நொடியே பூபதியை மறந்துபோனாள். செல்வினைப் பார்த்து, "வாங்க தலைவரே, காத்து நல்லா இருக்கு," என்றாள்.

படகு கிளம்பிவிட்டது. மூன்று தரம் வண்ணம் அடித்த படகு. பூபதி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் போனதும் செல்வின் எழுந்து நின்று, தள்ளாடி, பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு கையை ஆட்டினார்.

"அண்ணாச்சி! போயிட்டு வாரேன்!"

பூபதிக்குக் கண் நிறைந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று, ஒரு நிஜ மனிதர் தன்னைப் பார்த்து அதைச் சொல்லி! கையைத் தூக்கினார். "போயிட்டு..." என்று ஆரம்பித்தார். நேரம் தீர்ந்து, எதிரே பதினெட்டாவது மாடிச் சுவர்தான் இருந்தது. சொல்ல வந்த மிச்சத்தைச் சுவரைப் பார்த்துத்தான் சொல்லி முடித்தார்.

அரை மணி நேரத்தில் ஷர்மிளா கூப்பிட்டாள். "எல்லாம் பச்சை சார். உங்க முத்திரைக்கு ஒரு பங்கமும் இல்லை. ஒண்ணையும் களைய வேண்டியதில்லை." அவள் குரலில் நிஜமாகவே சந்தோஷம் இருந்தது. "இன்னொண்ணு. இனிமே விதைக்கிற எல்லா உலகத்துக்கும், ஏற்கெனவே விதைச்சதுக்கும் சேத்து, இதே திருத்தம்தான். என்ன வார்த்தை சொல்லிக் கெளம்பினாலும் ஒண்ணுதான். நீங்க தைரியமா உங்க பழக்கப்படி வர்றேன்னே சொல்லலாம். யாரும் காத்திருக்க மாட்டாங்க."

"நல்லதுங்கம்மிணி."

மத்தியானம் புதுச் சாவிகள் வந்தன. ஒரு மருத்துவமனை தன் நோயாளிகளுக்கெல்லாம் கொடுத்து, அவர்கள் அத்தனை பேரும் அப்படியே விற்றுவிட்ட 'ஏழு தீவு'. பூபதி காபி போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வளையத்தை மாட்டினார்.

மணலை உதைத்தார், ஒழுங்காக விழுந்தது. வானம் சரி, அலை சரி. முத்தழகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து வாங்க தலைவரே என்றாள். படகைப் பார்த்தார். துடுப்பைப் பார்த்தார். இன்னும் அரை நிமிடம் இருந்தது.

"எல்லாஞ் சரியா இருக்குதுங்க," என்றார். பிறகு, கொஞ்சம் நின்று, அவள் முகத்தைப் பார்த்து, மெல்லச் சொன்னார். "அப்ப நான் போயிட்டு வர்றேனுங்க."

அவள் கயிற்றில் ஒரு முடிச்சை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றாள்.

பூபதி வளையத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். காபி இன்னும் ஆறவில்லை. திரையில் அந்தச் சாவிக்குப் பக்கத்தில் 'கைபடாதது' என்று முத்திரை குத்திவிட்டு, அடுத்த சாவியை எடுத்தார்.